மீட்டர் காட்டும் 12.8 வோல்ட்டை நம்பாதீர்கள்
ஒரு பேட்டரியால் கார் இக்னிஷன் காயிலை (12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கித் தீப்பொறி தரும் சுருள்) ஓட்டி, அந்தத் தீப்பொறியால் இரண்டாவது பேட்டரியை நிரப்பினால், முதலாவது கொடுத்ததைவிட அதிக மின்சாரம் அதில் சேர்கிறது என்கிறது ஒரு கட்டுரை; அதற்கு ஒரே ஆதாரம் மீட்டர் காட்டிய 12.8 வோல்ட். அது பேட்டரித் தகட்டின் மேலோட்டமான சார்ஜாகவே இருக்கலாம். அந்தப் பேட்டரியில் ஹெட்லைட் பல்பைச் சில நிமிடம் எரியவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தீப்பொறி பறக்கும்போது டிஜிட்டல் மீட்டர் காட்டுவதோ வெறும் உளறல். பேட்டரிக்குப் பதில் 100 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டரை (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு உறுப்பு) வைத்து அளக்கலாம். 400 வோல்ட் ஏறினாலும் உள்ளே இருப்பது 8 ஜூல்தான். அதற்குப் பத்து வினாடி பிடித்தால், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும் காயில் அதற்குள் தின்றது 360 ஜூல்! மீதி சூடாகவும் வெளிச்சமாகவும் ஓசோனாகவும், பக்கத்து வீட்டு ரேடியோவில் கரகரப்பாகவும் போய்விடும். (தொடுமுன் கெப்பாசிட்டரில் இருப்பதை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்துவிடுங்கள், 400 வோல்ட் விளையாட்டல்ல.) கட்டுரை டெஸ்லாவின் 1901 காப்புரிமையை இதற்குள் இழுப்பதும் பொருந்தாது, அது உயரத்தில் காப்பிட்டு நிறுத்திய தகட்டைப் பற்றியது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு இதில் ஏன் எரிந்துபோகிறது என்று கேட்டிருக்கும் சாட்ஸ்வொர்த் (தென்னாப்பிரிக்கா) வாசகருக்கு: 1என்4007 வகை டயோடு தாங்குவது 1000 வோல்ட், காயில் தருவது பல ஆயிரம், போதாததற்கு அது மெதுவான டயோடு. லோட் ஷெடிங் மின்வெட்டுக்காக இதை மூடிய கராஜில் வைக்கவே வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், பக்கத்திலேயே திறந்த தீப்பொறி.