பகல்ல கோர்ட்டு, சாயங்காலம் மனோகரன்

நாடகத்துல இருக்கேன்னு சொன்னா உடனே அடுத்த கேள்வி, நடிக்கிறீங்களா எழுதுறீங்களான்னு. ரெண்டும்தான். கூடவே ஹால் புக் பண்றது, மைக்செட்காரர்கிட்ட பேரம் பேசறது, எல்லாருக்கும் டிபன் சொல்றது, ஷோ அன்னிக்கு சாயங்காலம் ஹீரோ போன் பண்ணி ஆபீஸ்ல ரிலீஸ் வர முடியாதுன்னா அந்த வேஷத்தையும் தலையில போட்டுக்கறது, ஏன்னா எழுதின ஆளுக்குத்தானே எல்லார் டயலாக்கும் மனப்பாடம். அப்படி ஒருதடவ இன்ஸ்பெக்டர் வேஷம் மாட்டுச்சு, யூனிபார்ம் அவரு அளவுக்கு தைச்சது, பட்டன் தெறிச்சிடுமோன்னு மூச்ச புடிச்சிக்கிட்டே கொலைக்கேஸ் விசாரிச்சேன். இதுக்கு பேரு பன்முகத் திறமையாம். ஆள் இல்லங்க, அவ்ளோதான்.

பம்மல் சம்பந்த முதலியார பத்தி பேசும்போதும் நாம இந்த மாலை போடற வேலையத்தான் பண்றோம். தொண்ணூறுக்கும் மேல நாடகம் எழுதினாரு, நடிச்சாரு, நாடகத் தந்தை, 1959ல பத்மபூஷண், முடிஞ்சுது. 1954ல சிவாஜி நடிச்ச மனோகரா அவரு நாடகந்தான், அந்த மனோகரன் வேஷத்த அதுக்கு ரொம்ப முன்னாடியே மேடையில கட்டினவரும் அவரேதான். ஆனா எனக்கு அவர்ட்ட பிடிச்ச விஷயமே வேற. 1891ல சுகுண விலாச சபைங்கற நாடகக் குழுவ ஆரம்பிக்கறப்போ வயசு பதினெட்டு. நாடகக்காரன்னா கூத்தாடிப் பயன்னு சொன்ன காலத்துல படிச்சவங்க, உத்தியோகஸ்தங்க, வக்கீலுங்கன்னு கூட்டிட்டு வந்து அரிதாரம் பூச வச்ச மனுஷன். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே அந்த சபையில நடிச்சிருக்காரு. விடிய விடிய பாட்டா ஓடிட்டு இருந்த இடத்துல வசனத்த முன்னாடி கொண்டாந்து, ஒத்திகைக்கு ஒழுங்கா வரணும்னு கறாரா நின்னாரு. நம்ம வாட்ஸப் குரூப்ல ரிகர்சல்னு போட்டா பாதிப் பேரு கட்டைவிரல் காட்டிட்டு வராம இருக்கறத பாக்கும்போது, அவரு எழுதினதவிட இதுதான் பெரிய சாதனைன்னு தோணுது.

இதெல்லாம் அவரால எப்படி முடிஞ்சுது? பகல்ல அவரு வக்கீல், அப்புறம் சின்னத் தொகை வழக்குங்கள பாக்கற சென்னை ஸ்மால் காஸஸ் கோர்ட்ல ஜட்ஜ். மேடை அவருக்கு சோறு போட வேண்டிய அவசியமே இல்ல. ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட்ட அமலாதித்யனா மாத்தலாம், புடிக்காத நாடகத்த போடாம இருக்கலாம், வசூல் ஆகலன்னா அடுப்பு அணைஞ்சிடாது. இத சொன்னா அவர குறைச்சு பேசறேன்னு சண்டைக்கு வருவாங்க. குறைச்சு பேசல, கணக்க சொல்றேன்.

அதே காலத்துல இந்தப் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள். அவரும் எல்லா வேலையும் பாத்தவருதான். யமன், சனீஸ்வரன்னு பயங்கர வேஷமா கட்டி நடிச்சாரு, பாட்டு கட்டினாரு, எழுதினாரு, கம்பெனி நடத்தினாரு, வாத்தியாராவும் இருந்தாரு. ஆனா இவருக்கு நாடகம்தான் பொழப்பு. 1918ல மதுரையில அவரு ஆரம்பிச்ச பால சபாவுல, அதாவது சின்னப் பசங்கள வச்சு நாடகம் போடற கம்பெனியில, பின்னாடி பெரிய நாடக நடிகரான டி.கே.சண்முகம் சேரும்போது ஆறு வயசு. ஆறு! அந்தப் பசங்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், சோறு எல்லாமே கம்பெனிதான். ஊர்ல மழை பிடிச்சு கூட்டம் வரலன்னா அத்தன வயிறும் காயும். அதனால ஜனங்க கேட்ட வள்ளி திருமணமும் பவளக்கொடியும் திரும்பத் திரும்ப போட்டாங்க, அத மட்டம்னு சொல்ற ஆளுங்கள கண்டா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

இன்னிக்கு நாங்க எல்லாரும் பம்மல் கட்சிதான், ஒத்துக்கறேன். பேங்க், ஐடி, டீச்சர் வேலைன்னு மாசச் சம்பளம் வந்துடுது, அதுல மிச்சம் பிடிச்சு சனி ஞாயிறு நாடகம். டிக்கெட் காசு ஹால் வாடகைக்கும் லைட்டுக்கும் சரியா போயிடும், பல நேரம் அதுக்கே பத்தாது. அதனால யாராவது தம்பி வந்து அண்ணே வேலைய விட்டுட்டு முழுநேரமா நாடகத்துக்கு வரப்போறேன், எழுதி நடிச்சு நானே ப்ரொட்யூஸும் பண்றேன்னு சொன்னா நான் கைதட்ட மாட்டேன். வீட்டு வாடகை யாருப்பா கட்டுவாங்கன்னு கேப்பேன். மூஞ்சி சுருங்கிடும், ரெண்டு வாரம் பேச மாட்டாங்க. பரவால்ல, கோவிச்சுக்கட்டும்.