ஆறுமணிக் குருவிக்குச் சருகு வேண்டும்

போன அக்டோபரில் ஒரு காலை. சென்னை மாதவரத்தில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், மோட்டார் ரூமுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே பூவரசு இலை மக்கிக் கிடக்கும் சந்து. அங்கிருந்து யாரோ சீழ்க்கை அடித்த மாதிரி இரண்டு சுரம். எட்டிப் பார்த்தால் ஆறுமணிக் குருவி!

மைனாவைவிடச் சின்னது. பேருக்கு ஒரு துண்டு வால். பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு அலங்காரமும் செய்துகொண்டு வந்து அது பார்த்த வேலை, சருகு புரட்டுவது. இரண்டு தத்தல், ஒரு நிற்றல், அலகால் ஓர் இலையைத் தள்ளிப் புழுவை இழுப்பது. இருபது நிமிடம் நின்றேன். ஆபீசுக்கு லேட்தான்.

மழைக்காலத்தில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வரும் பறவை இது. சில இலங்கை வரை போகும். பயணம் இரவில். களைத்துப்போய் நம் பால்கனியில் விழுந்தால் ‘கலர் கிளி’ என்று கூண்டில் போட்டுவிடாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறே குடியிருப்பில் மரம் நடு விழா. அதற்காக அந்தச் சந்து முழுவதையும் ‘சுத்தம்’ செய்தார்கள். நொச்சிப் புதரை வெட்டி, சருகைக் குவித்துக் கொளுத்தி, அந்தக் கரியின் மேலேயே இருபது கன்று நட்டு போட்டோ எடுத்தாயிற்று. குருவியைக் காணோம்.

கொடுங்கையூர்க் குப்பை மேட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு, தரையில் எது கிடந்தாலும் குப்பைதான். ஆனால் இந்தக் கடலோரத்தின் சொந்தக் காடே ஒழுங்கில்லாத காடு. பாலை, வீரை, காசா, காரை என்று குட்டை மரமும் முள்ளும் கொடியும் பின்னி, அடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் தளத்துக்கு உள்ளே அது இன்னும் இருக்கிறது. வரிசையாகக் கன்று நட்டு, அடியில் தினம் பெருக்கினால் அதற்குப் பேர் தோட்டம். தரையில் மேயும் பறவைக்கு அங்கே சாப்பாடு கிடையாது.

பெருக்கும் அக்காவிடம் ஒரு மூலையை மட்டும் விடச் சொன்னேன். “என்னைத்தான் திட்டுவாங்க தம்பி” என்றார். நியாயம்தான். ‘இங்கே பெருக்க வேண்டாம்’ என்று நானே அட்டையில் எழுதிக் கட்டினேன். இப்போது அங்கே தவிட்டுக் குருவிக் கூட்டம் ஒன்று சண்டை போட்டபடி இலை கிளறுகிறது. அக்காவும் துடைப்பத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.