ரோட்டுக்குக் கோடு போட்டுட்டு வந்து கருத்து கேக்குறாங்க

இதைப் பத்திப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல.

புது நெடுஞ்சாலைக்குன்னு நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்து வீடியோதான், எல்லார் டைம்லைன்லயும் ஓடிட்டிருக்கு. ஷாமியானா, மேடையில வரிசையா வாட்டர் பாட்டில், கீழ அந்தம்மா மைக்கை வாயோட ஒட்டி வெச்சுக்கிட்டு கேக்குறாங்க: "ரோட்டை மேடு கட்டிப் போடப்போறீங்க, சரி. மேக்கால இருந்து எங்க ஏரிக்கு வர்ற தண்ணி எந்தப் பக்கமா வரும்?" மேடையில இருந்து பதில்: "உங்க கருத்து பதிவு பண்ணியாச்சும்மா, அடுத்தவங்க வாங்க."

மேடையில இருந்தவங்க மேல எனக்குப் பெருசா கோபமில்ல, பழகிப்போச்சு. அந்த வீடியோவைச் சிரிப்பு ஸ்மைலியோட ஷேர் பண்ணி, "இனிமே ஹைவேஸ் இன்ஜினியரிங்கை ஆயாகிட்டதான் கத்துக்கணும் போல"ன்னு எழுதினாரே நம்ம நண்பர், அவர் மேலதான் கோபம். அதுக்கு ஹாஹா போட்டவங்கள்ல பாதிப்பேர் என் லிஸ்ட்லயும் இருக்கீங்க. பார்த்துட்டுதான் எழுதுறேன்.

அந்தம்மா கேட்டது சுத்தமான இன்ஜினியரிங் கேள்விங்க. சரிவுக்குக் குறுக்கால ஆளுயரத்துக்கு மண்ணைக் கொட்டி ரோடு போட்டா, அதுவரைக்கும் நிலம் முழுக்கப் பரவி வந்த தண்ணி, சிறுபாலம் விட்ட இடத்துக்குத்தான் வந்தாகணும். அங்க ஓடை இருந்தா தப்பிச்சோம். இல்லேன்னா மேல்பக்கம் பயிர் முழுகும், கீழ்பக்கம் ஏரி காயும். ஏரி வரத்து வாய்க்கால்ல பாதி, வருஷத்துல பத்து மாசம் மாட்டுவண்டிப் பாதை மாதிரிதான் கிடக்கும். சித்திரையில சர்வேக்கு வர்றவருக்கு அது வாய்க்கால்னே தெரியாது. ஐப்பசி மழையில அதுல இடுப்பளவு தண்ணி ஓடுறதைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். அப்படிப் பார்த்த ஒருத்தரைத்தான் நீங்க ஆயான்னு சிரிச்சீங்க.

என் பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். கேக்குறதா இருந்தா கோடு போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. அலைன்மெண்ட்டை, அதாவது ரோடு போற தடத்தை முடிவு பண்ணி, சர்வே நம்பரோட கெசட்ல போட்டுட்டு, அப்புறம் ஷாமியானா கட்டி "உங்கள் கருத்து என்ன"ன்னா, தாலி கட்டின பிறகு பொண்ணுகிட்ட சம்மதம் கேக்குற கதைதான்.

"சட்டப்படிதானே எல்லாம் நடக்குது"ம்பாங்க. ஆமாங்க, சட்டப்படிதான். அதுதான் வயித்தெரிச்சலே. 1956ஆம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்துல முதல்ல 3ஏ அறிவிப்பு வரும், அதாவது இந்த நிலத்தை எடுக்கப்போறோம்னு. அது வந்த 21 நாளுக்குள்ள ஆட்சேபனை எழுதிக் குடுக்கணும். நிலம் எடுக்கறதுக்குன்னு நியமிச்ச அதே அதிகாரிதான் அதை விசாரிப்பார், அவர் சொல்றதுதான் முடிவு. அடுத்து 3டி அறிவிப்பு, அதாவது நிலத்தை எடுத்தாச்சுன்னு. அன்னையில இருந்து நிலம் மத்திய அரசோடது. இந்த வரிசையில எந்த இடத்துலயாவது "ரோடு இப்படிப் போகலாமா, அப்படிப் போகலாமா"ன்னு ஊர்க்காரங்களைக் கேக்குறாங்களா? 2013 நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலம் எடுத்தா ஊர் மக்களுக்கு என்ன பாதிப்புன்னு ஆய்வு செய்யணும்னு சொல்லுது. ஆனா தேசிய நெடுஞ்சாலைக்கு அதுல விலக்கு. நஷ்ட ஈடு, மறுவாழ்வுக் கணக்குக்கு மட்டும் அந்தச் சட்டம், கருத்து கேக்குறதுக்கு இல்ல.

சரி, அப்போ இந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம்? அது 2006ஆம் வருஷத்து சுற்றுச்சூழல் அறிவிக்கையில வர்றது. 30 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், கலெக்டரோ அவர் சார்புல கூடுதல் கலெக்டர் அளவுல ஒருத்தரோ தலைமை தாங்கணும், முழுக்க வீடியோ எடுக்கணும், கடைசியில நடவடிக்கைக் குறிப்பை எல்லார் முன்னாடியும் உள்ளூர் மொழியில வாசிச்சுக் காட்டணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தனை பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு அதுல கணக்கே கிடையாது. பேசினதைக் கேட்டு ரோட்டை நகர்த்தணும்னும் கிடையாது. பதிவு பண்ணணும், சுற்றுச்சூழல் அறிக்கையில அதுக்குப் பதில் எழுதணும், அவ்ளோதான். பதிவு பண்ணிட்டாங்கல்ல?

சென்னை – சேலம் எட்டுவழிச்சாலை கதையே போதும். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடின்னு 2018ல அறிவிச்சாங்க. பல பேர் கேள்விப்பட்டதே வயல்ல கல்லு நட்டப்போதான். அந்தக் கல்லைப் பிடுங்கினவங்களைப் போலீஸ் தூக்கினதை நாம எல்லாரும் பார்த்தோம். 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கற அறிவிப்பை ரத்து பண்ணி, சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே வேணும்னு சொன்னது. 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிப்பு போடுறதுக்கு அந்த அனுமதி தேவையில்ல, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாங்கினாப் போதும்னு சொல்லிடுச்சு. தீர்ப்பைக் குறை சொல்ல நான் யாரு. ஆனா இதோட அர்த்தம் என்ன? முதல்ல கோடு, அப்புறம்தான் கேள்வி. நாட்டோட உச்ச நீதிமன்றமே அந்த வரிசை சரின்னு சொன்ன பிறகு, மைக்ல ரெண்டு நிமிஷம் பேசுற அந்தம்மாவால என்னத்த மாத்திட முடியும்?

இவன் ஏன் இவ்ளோ துள்றான்னு கேக்குறவங்களுக்கு: எங்க ஊருக்கும் பைபாஸ் வந்துச்சு. பேப்பர்ல முழுப் பக்கத்துக்குப் பொடி எழுத்துல சர்வே நம்பர். அப்பா பூதக்கண்ணாடியை வெச்சுக்கிட்டு, விரலை ஒவ்வொரு வரியா நகர்த்தித் தேடினார். உட்பிரிவோட எங்க நம்பர் இருந்துச்சு. ஒண்ணும் பேசல, பேப்பரை மடிச்சு பீரோவுல வெச்சார். அப்புறம் ஆட்சேபனை எழுதினார். ரோடே வேண்டாம்னு அவர் எழுதல, அதைக் கவனிங்க. எங்க வெள்ளாமைக் காடு ரெண்டு பக்கமும் பிரியுது, நடுவுல ட்ராக்டர் போற அளவுக்கு வழி விடுங்கன்னு எழுதினார். விசாரணையில அந்த அதிகாரி ரொம்ப மரியாதையாப் பேசினாராம், டீ கூட குடுத்தாங்களாம்.

சுரங்கப்பாதை வந்துச்சுங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா வெறும் ட்ராக்டர்தான் அதுல நுழையும், வைக்கோல் ஏத்தினா மேல இடிக்கும். மழை பெஞ்சா உள்ள முழங்கால் தண்ணி, மோட்டார் வெச்சுதான் இறைக்கணும். இப்போ அறுப்புக்கு மெஷினைக் கொண்டுபோக டோல் பக்கத்துல இருக்கற யூ டர்ன் வரைக்கும் சுத்தணும். ஒரு தடவை, படம் வரையறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, எந்த விவசாயியையாவது கூப்பிட்டு "வண்டி எவ்ளோ உயரம் வரும்"னு கேட்டிருந்தா போதும். காசு கூட ஆகாது.

"ஒவ்வொருத்தரையும் கேட்டா ரோடே போட முடியாது." கேக்காம போட்டதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சா? கேக்காம ஆரம்பிச்சு, கேஸ், தடை, மேல்முறையீடுன்னு இழுத்துக்கிட்டே கிடக்குதே, அந்த வருஷங்களை யார் கணக்குல எழுதுறது? மூணு வரைபடத்தை எடுத்துட்டு கிராம சபைக்கு வாங்க. ஒவ்வொண்ணுலயும் எத்தனை கிணறு போகும், எந்த ஏரி பிரியும்னு போட்டுக் காட்டுங்க. சண்டை வரும், வரட்டுமே. பேப்பர்ல இருக்கற கோட்டை அழிச்சு மாத்துறது சுலபமா, கொட்டின மண்ணை அள்றது சுலபமா?

"வெளியூர்க்காரங்க தூண்டி விடுறாங்க." தூண்டி விடாமலே கோபம் வரும் சார் எங்களுக்கு. இதுக்கு மேல இதுக்குப் பதில் கிடையாது.

"நீ கார்ல அதே ரோட்டுல போறியே?" போறேன். டோலும் கட்டிட்டுதான் போறேன்.

இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டதுதான் மனசை அறுக்குது. "நஷ்ட ஈடு வாங்கிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" ஆமா, வாங்கினோம். அது போதலேன்னு ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர்கிட்ட மனு போட்டோம், அதுவும் இழுத்துட்டே போச்சு. அப்பா போய்ட்டார். இப்போ மனுவுல அவர் பேரை எடுத்துட்டு எங்க பேரைச் சேர்க்க வாரிசுச் சான்றிதழ் கேக்குறாங்க. வாங்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிறீங்க? பணத்தை டெபாசிட் பண்ணிட்டு, 60 நாள்ல இடத்தைக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் குடுப்பாங்க. மாட்டேன்னா போலீஸ் துணையோட எடுத்துக்கலாம், அதுக்கும் அதே நெடுஞ்சாலைச் சட்டத்துல இடமிருக்கு. எங்களை யாரும் விக்கிறியான்னு கேக்கல. அதனால அந்த செக்கைக் காட்டி வாயை மூடுன்னு சொல்ற வேலையை மட்டும் என்கிட்ட வெச்சுக்காதீங்க.