வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம்

சனிக்கிழமை என் மகனின் பள்ளி மேடையில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். மைக்கை நீட்டிப் பெயர் கேட்டபோது, இன்னும் சரியாகப் பேச்சு வராத என் மகன் அதன் தலையிலிருந்த பஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் போல" என்றார் மைக்கை நீட்டிய மிஸ். அரங்கமே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, வாய் தவறி வந்தது என்று அதைக்கூட விட்டுவிடலாம். பள்ளிக்கு நான் ஒரு கடிதம் எழுதிய பிறகு வந்த அறிவுரைகள்தான் இந்தப் பதிவை எழுத வைக்கின்றன. "ஓவரா பண்றீங்க சார். பேசுவான். வெயிட் பண்ணுங்க." ஞாயிறு முழுக்க போன் எடுத்தால் இதுதான். எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தது போல ஒரே வசனம்.

வெயிட் பண்ணித்தான் பார்த்தோம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவனுக்கு இப்போது மூன்று வயது நான்கு மாதம். இரண்டு வயதில் அவன் பேசிய சொற்களை என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் எட்டு. அதில் ஒன்று 'டூ'. லிஃப்டுக்கும் டூ, பஸ்ஸுக்கும் டூ, கதவைத் திறக்கச் சொல்வதற்கும் டூ. அந்த வயதில் ஐம்பது சொற்களாவது வேண்டும், 'அம்மா வா' என்பது போல இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியைப் பார்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எட்டு எங்கே, ஐம்பது எங்கே? உடனே யாரிடமாவது காட்டுவோம் என்றாள். அப்போது "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று அருள்வாக்கு சொன்ன மகானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேகம்" என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. இரண்டு வயதில் பேச்சு பின்தங்கிய குழந்தைகளில் பாதிக்கும் மேல் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளை அந்தப் பாதியா, மீதிப் பாதியா? முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்களா? சொல்வது புரிகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, காது சரியாகக் கேட்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று பார்க்கத் தெரிந்தவர் உட்கார்ந்து பார்த்தால்தான் ஓரளவாவது கணிக்க முடியும். அதற்குத்தான் போகச் சொல்கிறேன். காட்டிவிட்டு வந்து காத்திருங்கள், யார் வேண்டாம் என்றது?

ஐன்ஸ்டீனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. "ஐன்ஸ்டீனே லேட்டாத்தான் பேசினாராம்." ஐயா, அந்தக் கதையைச் சொன்னதே ஐன்ஸ்டீன்தான். 1954இல் எழுதிய ஒரு கடிதத்தில், தான் தாமதமாகப் பேசியதால் பெற்றோர் கவலைப்பட்டு டாக்டரிடம் ஆலோசனை கேட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐன்ஸ்டீன் வீட்டில் டாக்டரிடம் கேட்டிருக்கிறார்கள். ஓவராகத்தான் பண்ணியிருக்கிறார்கள் பாவம்.

அடுத்தது, "அப்பா லேட்டாப் பேசினா பிள்ளையும் அப்படித்தான்." நான் இரண்டரை வயதில் பேசினேன் என்று அம்மா முன்பு சொல்வார். இவன் பிறந்தபின் அது மூன்றாயிற்று. இவன் பேசவில்லை என்றதும் மூன்றரை. இன்னும் கொஞ்சம் போனால் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பேசினேன் என்று ஆகிவிடும். குடும்பத்தில் இப்படி இருந்தால் சீக்கிரம் போய்க் காட்ட அது இன்னொரு காரணம் என்று, பிறகு நாங்கள் போய்க் காட்டிய ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சி தருபவர்) சொன்னார். இத்தனை நாள் அதையே தைரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பவர்களுக்கு: ஆமாம், கொடுத்தோம். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எங்களுக்கும் தெரியும். இப்போது குறைத்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் கொடுக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். விடுங்கள்.

"வீட்டில் இரண்டு மொழி பேசினா குழம்பிடும்" என்று சொல்லி ஒன்றை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். இது தெரியாமல் என் மனைவி மூன்று மாதம் தன் தாய்மொழியில் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாலாட்டைக்கூட நிறுத்திவிட்டாள். அந்த மூன்று மாதத்தை யார் திருப்பித் தருவது?

காது விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள். பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைச் சோதிக்கச் சொல்வார்கள். "போன் அடிச்சா எங்கேயிருந்தாலும் ஓடி வர்றான், காதெல்லாம் நல்லா கேக்குது" என்று, காது கேட்பதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் நான் வாதாடினேன். போன் சத்தம் கேட்பது வேறு, 'ஸ்' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்பது வேறு என்றார். சோதித்ததில் இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு ஆள் பேசுவதைக் கேட்பது போல இருக்குமாம். டாக்டர் கண்காணிப்பில் மூன்று மாதத்தில் அது வடிந்துவிட்டது. அதோடு பேச்சு கொட்டிவிடவில்லை, காரணம் அது மட்டும் இல்லை என்கிறார்கள். ஆனால் எத்தனை நாள் அப்படி அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ, நான் "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை, திமிர்" என்று அவனை எத்தனை முறை அதட்டினேனோ.

ஆமாம், அந்த மகான் நான்தான். எட்டு மாதம் நான்தான் தள்ளிப்போட்டேன். அவள் நோட்டை நீட்டிய ஒவ்வொரு முறையும் "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்ன அதே வசனத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது போலிருக்கிறது.

தெரபி என்றால் காசு பிடுங்குகிற வேலை என்று ஒருவர் சொன்னார். முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். அந்த தெரபிஸ்ட் அம்மா தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். ஒரே ஒரு முறை. பிறகு மூடியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். அவன் டப்பாவைப் பார்க்கிறான், அவரைப் பார்க்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுடா, இன்னொண்ணு சொல்லு, சொல்லு" என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி நிறுத்தினார். பத்து விநாடி இருக்கும். "ஊ" என்றான். "ஊது!" என்று சொல்லி உடனே ஊதினார். அவ்வளவுதான் வைத்தியம். இது என்ன, அது என்ன என்று பரீட்சை வைக்காதீர்கள், அவன் செய்வதைப் பார்த்து நீங்கள் பேசுங்கள், அவன் 'கார்' என்றால் நீங்கள் 'கார் போகுது' என்று ஒரு சொல் கூட்டுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி பொறுங்கள் என்றார். எட்டு மாதம் சும்மா காத்திருந்த எனக்கு அந்தப் பத்து விநாடி இருக்க முடியவில்லை.

"சும்மா இருக்கிற பிள்ளைக்கு முத்திரை குத்துறீங்க" என்பார்கள். முத்திரையை நானா குத்தினேன்? மேடையில் மைக் பிடித்துக் குத்தியது யார்? போன மாதம் "இவனை அடுத்த வகுப்புக்கு அனுப்புறது கஷ்டம்" என்றதும் இதே பள்ளிதான். பெற்றோர் கவலைப்பட்டால் வெயிட் பண்ணுங்கள், பள்ளிக்குத் தொந்தரவு என்றால் உடனே முடிவு. நல்ல நியாயம்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக் குழந்தை எந்த வயதிலாவது ஏற்கெனவே பேசிய சொற்களை இழந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இதை எழுதியதற்காகப் பயமுறுத்துகிறேன் என்று திட்டினாலும் பரவாயில்லை.

பள்ளியில் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவனிடம் இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், பத்து விநாடி கொடுங்கள், விரலால் காட்டினாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்தால் சேர்ந்து சிரிக்காதீர்கள். மிஸ் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடிதத்தில் நான் எழுதவே இல்லை.

இப்போது கேட்கிறேன். என்னிடம் வேண்டாம். அவன் உயரத்துக்குக் குனிந்து அவனிடம் கேட்கட்டும். புரியுமா என்று யோசிக்க வேண்டாம், அவனுக்கு எல்லாம் புரியும்.