குடோன் வேலைக்கும் உண்மை கண்டறியும் சோதனையா?

மணலிப் பக்கம் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போன எங்கள் தெருத் தம்பி ஒருவருக்கு, நேர்காணல் முடிந்த கையோடு விரல்களிலும் மார்பிலும் பட்டைகளைக் கட்டி உண்மை கண்டறியும் சோதனை நடத்தியிருக்கிறார்கள். ‘போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா?’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன ‘இல்லை’ சந்தேகத்துக்குரியதாம். வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மீது எந்த வழக்கும் கிடையாது.

அந்தக் கருவி அளப்பதெல்லாம் ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றத்தைத்தான். பொய் சொன்னாலும் நெஞ்சு படபடக்கும், பயந்தாலும் படபடக்கும்; எதனால் என்பதை எதிரில் இருப்பவர் ஊகித்துக்கொள்கிறார். வியாசர்பாடி, காசிமேடு என்று முகவரி சொன்னதுமே கேட்பவரின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்து, இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போதெல்லாம் நிறுத்தி விசாரிக்கப்பட்ட ஓர் இளைஞனிடம் போலீஸ் பேச்சை எடுத்தால், நாடி எகிறாமல் வேறென்ன செய்யும்?

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொண்டு, அவர்களில் 8 பேராவது சிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், குற்றமற்ற ஏறத்தாழ 1,600 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். கருவியின் துல்லியத்தைத் தாராளமாக வைத்துப் போட்ட கணக்கே இது. சோவியத் நாட்டுக்கு ரகசியங்களை விற்ற, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸோ 1986, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் இதே சோதனையில் தேறிவிட்டார். பெரும்பாலான தனியார் முதலாளிகள் வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா 1988-இலேயே சட்டம் போட்டுவிட்டது (அரசுத் துறைகளுக்கு விலக்கு உண்டு என்பது வேறு கதை).

நம் நாட்டில், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாருக்கும் இச்சோதனையை நடத்தக் கூடாது என்றது. குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதித்தாலும், வழக்கறிஞர் உதவியோடு மாஜிஸ்திரேட் முன்னிலையில் அந்தச் சம்மதம் பதிவாக வேண்டும். வேலை கேட்டுப் போனவரின் சம்மதமோ, பத்தோடு பதினொன்றாக நீட்டப்படும் ஒரு படிவத்தில் போடும் கையெழுத்து. போட மறுத்தால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சரக்கு களவு போகிறது என்பது முதலாளியின் நியாயமான கவலைதான். அதற்கு, ஆள் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கலாம், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்கலாம், இருப்பை ஒழுங்காகச் சரிபார்க்கலாம். ஆள் எடுப்பில் இந்தக் கருவிக்குத் தடை விதிக்கத் தொழிலாளர் துறை முன்வர வேண்டும். அதுவரை, இப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.