2004-ஐ அதிர்ஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள்

மே மாதம் வந்தால் போதும், யாராவது ஒருவர் "சாம்பியன்ஸ் லீக்கின் மோசமான ஃபைனல்கள்" என்று பட்டியல் போட்டுவிடுவார். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் மிகப்பெரிய போட்டி அது. அதில் 2004 தவறாமல் இருக்கும். போர்ச்சுகலின் போர்ட்டோ 3, பிரெஞ்சு லீக்கில் ஆடும் மொனாக்கோ 0. பெரிய கிளப் இல்லை, போஸ்டரில் ஒட்டும் முகம் இல்லை, ஆட்டமும் ஒருபக்கமாகவே போனது. அந்த வருஷம் பெரிய டீம்கள் எல்லாம் தூங்கிவிட்டன, கிடைத்த சந்தில் இவர்கள் நுழைந்துவிட்டார்கள் என்று முடித்துவிடுவார்கள். ஃபைனல் சுமார்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு இரவைக் காட்டி 2003-04 சீசன் முழுவதையும் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் பார்த்ததிலேயே ஆகச் சிறந்த சாம்பியன்ஸ் லீக் சீசன் அது.

முதலில் பலர் மறந்துபோன ஒரு விஷயம். அதற்கு முந்தைய நான்கு சீசன்களில் இரண்டு குரூப் சுற்றுகள் இருந்தன. முதல் குரூப்பில் 6 ஆட்டம், அது முடிந்து இரண்டாவது குரூப்பில் இன்னும் 6. பிப்ரவரி, மார்ச்சில்கூட "ஒரு டிரா போதும்" என்று பந்தை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 157 ஆட்டங்கள். ஆட்டம் கூடியது, சுவாரசியம் குறைந்தது. 2003-04-ல்தான் இரண்டாவது குரூப்பைத் தூக்கிவிட்டு, 16 அணிகளோடு நேரடியாக நாக் அவுட் வைத்தார்கள். ஆட்டங்கள் 125 ஆகக் குறைந்தன. இரண்டு லெக், அதாவது இரு அணிகளின் மைதானத்திலும் தலா ஓர் ஆட்டம், அதில் சொதப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மொத்தக் கணக்கு சமமானால் எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு (அவே கோல்) கூடுதல் மதிப்பு வேறு. இத்தனை சீக்கிரமே இந்தக் கத்தி வருவது பெரிய கிளப்புகளுக்குப் புதிது. அந்த சீசனில் அது யார் யார் கழுத்தில் விழுந்தது என்று பாருங்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்தே தொடங்குவோம். முதல் லெக்கைச் சொந்த ஊரில் போர்ட்டோ 2-1 என்று வென்றது, அதன் இரண்டு கோலும் பென்னி மெக்கார்த்தி. கடைசி நேரத்தில் போர்ட்டோ கோல்கீப்பர் விட்டோர் பாயாவை மிதித்து யுனைடெட் கேப்டன் ராய் கீன் சிவப்பு அட்டை வாங்கினார், அடுத்த லெக்கில் அவர் இல்லை. யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் அவர்களுடைய ஸ்கோல்ஸ் ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன் இன்னொன்றும் அடித்தார், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கிவிட்டார். அது ஆஃப்சைடே இல்லை. இதில் எனக்கும் சந்தேகம் இல்லை, யுனைடெட் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1-0 என்றே முடிந்திருந்தாலும் அவே கோலில் யுனைடெட்தான் போயிருக்கும். 90-வது நிமிடத்தில் மெக்கார்த்தியின் ஃப்ரீ கிக்கை டிம் ஹோவர்ட் தட்டிவிட, போர்ட்டோவின் கோஸ்டின்யா ஓடிவந்து உள்ளே தள்ளினார். 1-1, யுனைடெட் வெளியே. கோட்டும் சூட்டுமாக ஒரு மனிதர் எல்லைக் கோட்டை ஒட்டிப் பறந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அவர்தான் போர்ட்டோவின் கோச். மொரின்யோ என்ற பெயரை உலகம் முழுக்க உச்சரிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கொடியை மட்டும் வைத்து "போர்ட்டோவுக்கு லக்" என்பவர்கள் அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்ப்பதே இல்லை. 2003-ல் இதே அணி செவில்லில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 3-2 என வென்று, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஃபா கோப்பையை எடுத்திருந்தது. போர்ச்சுகல் லீக், போர்ச்சுகல் கோப்பை இரண்டும் அதே சீசனில். 2003-04 சாம்பியன்ஸ் லீக்கில் அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், குரூப் சுற்றில் ரியல் மாட்ரிட்டிடம் 1-3. மற்ற பன்னிரண்டிலும் தோல்வியே இல்லை. இதற்குப் பெயர் லக்கா?

அந்த அணியைக் கட்டிய விதத்தையும் கவனிக்க வேண்டும். நூனோ வலேன்டே, டெர்லெய் இருவரும் மொரின்யோ முன்பு பயிற்சியாளராக இருந்த லெய்ரியா என்ற சின்ன கிளப்பிலிருந்து வந்தவர்கள். பாவுலோ ஃபெரேய்ரா செத்தூபாலிலிருந்து, பெத்ரோ மென்டெஸ் கிமரேயிஷிலிருந்து. மனீஷ் பென்ஃபிகாவில் ஓரங்கட்டப்பட்டவர். நடுவில் டெகோ. பின்னால் ஜோர்ஜ் கோஸ்டா, ரிகார்டோ கார்வாலியோ. உள்ளூர் லீக்கில் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு வருஷம் ஒன்றாக ஆடவைத்த அணி. எதிரணிக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுக்காமல் 90 நிமிடம் பொறுமையாக இருப்பார்கள். பார்க்க அழகாக இல்லை என்கிறார்கள். சரி, உங்கள் ரசனை.

எனக்கு மனசுக்குப் பிடித்தது என்றால் மொனாக்கோதான். 2003 கோடையில் கடன் காரணமாக, பிரான்ஸின் நிதிக் கண்காணிப்புக் குழு இந்தக் கிளப்பை இரண்டாம் டிவிஷனுக்கே இறக்கிவிட்டது. அப்பீலில் தப்பித்தார்கள். காசு இல்லை, ரியல் மாட்ரிட்டில் பெஞ்சில் இருந்த மோரியென்டெஸை லோனில் எடுத்தார்கள். கோச் டிடியே டெஷாம், பயிற்சியாளராக அவருக்கு அதுதான் முதல் கிளப். அவர்களுடைய மைதானம் கார் பார்க்கிங்குக்கு மேலே கட்டியது, நிரம்பினாலும் 20,000 பேர் தேற மாட்டார்கள்.

இந்த அணிதான் குரூப் சுற்றில் ஸ்பெயினின் டெபோர்ட்டிவோவை 8-3 என்று அடித்தது. டாடோ ப்ர்ஷோ மட்டும் நான்கு கோல், அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். காலிறுதியில் ரியல் மாட்ரிட். ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ரவுல், புதிதாக வந்த பெக்கம். சொந்த மைதானமான பெர்னபேவில் 4-2 என்று ரியல் ஜெயித்தது. நான்காவது கோல் விழுந்ததும் எல்லோரும் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அப்போது 83-வது நிமிடத்தில் மோரியென்டெஸ் ஒன்று அடித்தார், தன்னை லோனில் அனுப்பிய கிளப்பின் வலையிலேயே. மொனாக்கோவில் ரியலின் ரவுல் முதலில் அடித்து மொத்தக் கணக்கை 5-2 ஆக்கினார். அதற்குப் பிறகு நடந்தது: இடைவேளைக்கு முன் மொனாக்கோவின் ஜூலி, இடைவேளை முடிந்த கையோடு மோரியென்டெஸ், 66-வது நிமிடத்தில் மறுபடி ஜூலி. 3-1. மொத்தம் 5-5, அவே கோலில் மொனாக்கோ அரையிறுதிக்கு. மோரியென்டெஸ் அந்த சீசனில் 9 கோல்களோடு முதலிடம். மாக்கெலெலெயைச் செல்சிக்கு விற்றுவிட்டு, முன்வரிசையில் நட்சத்திரங்களை அடுக்கிய ரியல், தான் வேண்டாம் என்று அனுப்பிய ஆளாலேயே வெளியே போனது. இதில் எங்கே இருக்கிறது அதிர்ஷ்டம்? சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

அப்புறம் டெபோர்ட்டிவோவின் மைதானமான ரியாஸோர். ஏப்ரல் 7. மிலானுடன் காலிறுதியின் இரண்டாவது லெக்.

முதல் லெக்கில் மிலானின் சான் சிரோ மைதானத்தில் டெபோர்ட்டிவோதான் முதலில் கோல் அடித்தது. இடைவேளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு பத்து நிமிடத்துக்குள் மிலான் நான்கு அடித்துவிட்டது. 4-1. அப்போது மிலான் நடப்புச் சாம்பியன். டீடா, காஃபூ, நெஸ்டா, மால்டினி, பிர்லோ, ஸேடார்ஃப், காகா, ஷெவ்சென்கோ என்று அந்தப் பெயர்களைப் படித்தாலே மூச்சு வாங்கும். சாம்பியன்ஸ் லீக்கில் முதல் லெக்கில் மூன்று கோல் பின்தங்கி, அடுத்த லெக்கில் மீள்வதெல்லாம் அன்றைக்கு நடக்காத காரியம். மிலானைத் தாண்டினால் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற புனிதத் தலத்துக்குப் பாதயாத்திரை வருகிறேன் என்று கோச் இருரேத்தா வேண்டிக்கொண்டதிலேயே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று புரியும்.

ஐந்தாவது நிமிடத்தில் பாண்டியானி. 35-ல் வலேரோன். 44-ல் லூக்கே. இடைவேளைக்கே 3-0, அவே கோல் கணக்கில் டெபோர்ட்டிவோ முன்னால். என்னைக் கவர்ந்தது கோல்கள் மட்டும் இல்லை. பிர்லோவின் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் இரண்டு பேர் அவர் மேல் இருந்தார்கள். திரும்பிப் பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் மிலானுக்கு ஒரே ஒரு கோல் அடித்தால் போதும், அதைக்கூட அடிக்க விடவில்லை. 76-வது நிமிடத்தில் ஃப்ரான், கிளப்போடு சேர்ந்தே வளர்ந்த 34 வயது கேப்டன், மாற்று ஆட்டக்காரராக வந்து நான்காவதை அடித்தார். இருரேத்தா பிறகு சொன்னபடி நடந்தே போனார். டெபோர்ட்டிவோ அதற்கு முந்தைய சுற்றில் யுவென்டஸை இரண்டு லெக்கிலும் 1-0 என்று வென்றிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு கோல் வாங்கிய அதே அணி! முந்தைய வருஷத்தின் இரண்டு ஃபைனலிஸ்டுகளையும் வரிசையாக வெளியேற்றியது.

அரையிறுதியில் அவர்களைப் போர்ட்டோ அமுக்கிவிட்டது. 0-0, பிறகு டெர்லெயின் பெனால்டியில் 1-0. முதல் லெக்கில் ஒரு கொடுமை: டெபோர்ட்டிவோவின் ஜோர்ஜ் ஆன்ட்ராடே, தன் பழைய போர்ட்டோ தோழன் டெகோவை விளையாட்டாகக் காலால் தட்டப்போய், ரெஃப்ரி மார்கஸ் மெர்க் அவரை வெளியே அனுப்பிவிட்டார். டெகோவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

இன்னொரு அரையிறுதியில் மொனாக்கோவுக்கு எதிரே செல்சி. ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் அந்தக் கிளப்பை வாங்கிய முதல் வருஷம், முதல் கோடையிலேயே 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. மொனாக்கோவில் 1-1 என்று இருந்தபோது மொனாக்கோவின் ஸிகோஸ் சிவப்பு அட்டை வாங்கினார். பத்து பேருடன் ஆடும் எதிரணியைப் பார்த்ததும் செல்சி கோச் ரனியேரி ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார். கடைசியில் யார் எங்கே ஆடுகிறார்கள் என்று செல்சிக்கே தெரியவில்லை. அந்தப் பத்து பேர் இன்னும் இரண்டு கோல் அடித்து 3-1 ஆக்கினார்கள். லண்டனில் 2-0 என்று செல்சி முன்னிலை பெற்றும், 2-2 என்று முடிந்தது.

மே 26, கெல்சன்கிர்ஷன். ஃபைனல் ஏன் சப்பென்று போனது என்றால், ஜூலி 23-வது நிமிடத்திலேயே காயத்தோடு வெளியேறினார். மொனாக்கோவின் வேகமே அவர்தான். போர்ட்டோவின் மூன்று கோல்கள்: 19 வயது கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, டெகோ, அலெனிசேவ். முடிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என் ஆதங்கம். சில வாரங்களுக்குள் மொரின்யோ, கார்வாலியோ, ஃபெரேய்ரா மூவரும் செல்சியில். டெகோ பார்சிலோனாவில், ஜூலியும் அங்கேயே. மொனாக்கோவின் ரோத்தேன் பாரிஸ் அணிக்கு. 2006 தொடக்கத்தில் மொனாக்கோவிலிருந்தே எவ்ரா யுனைடெட்டுக்கு, அடெபயோர் அர்செனலுக்கு. ஆடித் தள்ளுபடிக் கடை மாதிரி இரண்டு ஃபைனலிஸ்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2011-ல் மொனாக்கோவும் டெபோர்ட்டிவோவும் ஒரே சீசனில் அவரவர் லீக்கிலிருந்து கீழே இறங்கின. டெபோர்ட்டிவோ 2020-ல் மூன்றாம் டிவிஷன் வரை போனது.

2004-க்குப் பிறகு இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கு வெளியே இருந்து ஒரு கிளப் ஃபைனலுக்கே வரவில்லை. அரையிறுதியை எட்டியவை 2005-ல் பிஎஸ்வி, 2019-ல் அயாக்ஸ் என்ற இரண்டு நெதர்லாந்து கிளப்புகள், அவ்வளவுதான். அயாக்ஸையும் அதே கோடையில் பிரித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது 2024-25 முதல் 36 அணிகள், ஒரே பட்டியல், மொத்தம் 189 ஆட்டங்கள். அந்த லீக் கட்டத்தில் 144 ஆட்டங்கள் ஆடி, வெளியே போவது 12 அணிகள்தான். 2003-04-ல் 96 ஆட்டங்களில் 16 அணிகளைக் கழித்தார்கள். நான்கு பெரிய லீக்குகளுக்குத் தலா நான்கு இடம் நேரடியாக என்று 2018-லேயே ஆகிவிட்டது. 2025-26-ல் இங்கிலாந்திலிருந்து மட்டும் ஆறு கிளப்புகள். கஜகஸ்தானின் கைராத் மாதிரி அணிகள் உள்ளே வந்து ரியல் மாட்ரிட்டைச் சொந்த ஊரில் சந்திப்பது நல்ல விஷயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய கிளப் தடுமாறினால் பிடித்துக்கொள்ள இத்தனை வலைகள் கட்டியிருக்கும்போது, ரியாஸோர் மாதிரி ஓர் இரவு பெரிய கிளப்பை என்ன செய்துவிடும்? முதல் எட்டில் வராவிட்டால் ப்ளே ஆஃப் இருக்கிறது, இரண்டு தோல்வியை எட்டு ஆட்டத்தில் கரைத்துவிடலாம். 2025-ல் பட்டம் வென்ற பாரிஸ் அணியே லீக் கட்டத்தில் 15-வது இடம்.

கமென்ட்டில் வந்து "அந்த வருஷம் அர்செனல்தான் ஜெயித்திருக்க வேண்டும்" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணிதான். ஆனால் காலிறுதியில், அர்செனலின் சொந்த மைதானமான ஹைபரியில், 87-வது நிமிடத்தில் செல்சியின் வேய்ன் பிரிட்ஜ் வெற்றி கோல் அடிக்க உள்ளே ஓடிவரும்போது அவரை யார் பிடித்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.