ஒல்லிக் கட்டடத்தின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

ஒரு பழைய தெருவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான மனை ஒன்று பல வருஷம் சும்மா கிடக்கும். குப்பை சேரும், வண்டி நிறுத்துவார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு மாடர்ன் கட்டடம் எழும்பட்டும், அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெருவின் அழகு ஞாபகம் வரும். "பொருந்தவே இல்லை", "கண்ணை உறுத்துது", "பல்வரிசையில் தங்கப்பல் வைத்த மாதிரி இருக்கு." உடனே இன்னொரு கூட்டம் கிளம்பி, உங்களுக்கு ரசனை இல்லை என்று பதில் சொல்லும். இந்த இரண்டு கட்சியிலும் நான் இல்லை.

என் வருத்தம் வேறு. அதே தெருவின் மறுமுனையில் நாலைந்து மனைகளை ஒன்றாகச் சேர்த்து, அகலமாக ஒரே கட்டடம் கட்டுவார்கள். முகப்பில் செங்கல் நிற டைல்ஸ் ஒட்டி, ஜன்னலுக்கு மேல் பெயருக்கு ஒரு வளைவும் வைத்துவிடுவார்கள். அதைப் பற்றி மூச்சு விட மாட்டோம். "பரவாயில்லை, பழசோடு ஒத்துப்போகிறது" என்று கடந்துவிடுவோம். தெருவுக்கு உண்மையான சேதம் அங்கேதான் நடக்கிறது.

பழைய தெருவில் நமக்குப் பிடிப்பது என்ன என்று யோசித்தால், அது பெரும்பாலும் மனையின் அகலம்தான். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் ஓர வீடுகளைப் பாருங்கள். ஒன்றின் உச்சி படிப்படியாக ஏறும், பக்கத்து வீட்டில் மணி வடிவில் வளையும், அடுத்ததில் ஒரு அலங்காரமும் இருக்காது. வேறு வேறு காலத்தில் கட்டியவை, பின்னால் மாற்றிக் கட்டியவையும் உண்டு. ஆனால் எல்லாம் ஒல்லி. நடந்து போகிறவருக்குச் சில அடிக்கு ஒரு கதவு, ஒரு புது முகப்பு. ஐந்து மனைகளைச் சேர்த்துவிட்டால் ஐந்து கதவுக்குப் பதில் ஒரு லாபி, ஒரு பார்க்கிங் கேட், மிச்சமெல்லாம் வெறும் சுவர். எந்த நிற டைல்ஸும் அந்த நாலு கதவைத் திருப்பித் தராது.

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் மேற்கு 11-ஆவது தெருவில் 18-ஆம் எண் வீடு இதற்கு நல்ல உதாரணம். 1840-களில் கட்டிய செங்கல் வீட்டு வரிசையில் அதுவும் ஒன்று. 1970 மார்ச்சில், வெதர் அண்டர்கிரவுண்ட் தீவிரவாதக் குழுவினர் உள்ளே தயாரித்துக்கொண்டிருந்த குண்டு வெடித்து வீடே தரைமட்டமானது. காலியான அந்த மனைக்குக் கட்டடக் கலைஞர் ஹியூ ஹார்டி போட்ட வரைபடத்தில், முகப்பின் நடுப்பகுதி மட்டும் கோணலாகத் தெருப் பக்கம் திரும்பி நிற்கும். பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் பெரிய சண்டை. இருந்தபடியே திரும்பக் கட்டு என்றார்கள் ஒரு சாரார். அனுமதிக் குழுவிலேயே ஒருமித்த கருத்து இல்லை. கடைசியில் 1978-இல் அது எழுந்தது. செங்கல் அதே செங்கல், கூரைக் கோடு அதே கோடு, அகலமும் பழையதே. கோணல் மட்டும் புதுசு. வரிசை அப்படியேதான் இருக்கிறது. (அந்த ஜன்னலில் ஒரு பொம்மைக் கரடியைப் பல வருஷம் மழைக்கு ஒரு உடை, வெயிலுக்கு ஒரு உடை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிர்த்தவர்களும் நின்று பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.)

இந்த இடத்தில் யாராவது வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் கட்டிய லோஸ் ஹவுஸைக் கொண்டுவருவார்கள். ஜன்னலைச் சுற்றி அலங்காரம் இல்லை என்று 1910-இல் வேலையையே நிறுத்தினார்கள், "புருவம் இல்லாத வீடு" என்று கிண்டல் செய்தார்கள், ஜன்னல்களில் பூத்தொட்டி வைத்து சமாதானம் ஆனது, இன்று அதுவே பெருமை. ஆகவே இன்று திட்டுவது நாளை புகழாகும் என்பது வாதம். எனக்கு இது ஒப்பவில்லை. பாரிஸின் மோன்பர்னாஸ் கோபுரம் 1973-இல் வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் வசவு நின்றபாடில்லை. திட்டு வாங்கியது என்பதற்காக ஒரு கட்டடம் நல்லதாகிவிடாது.

ஒடுக்கமான மனையில் கட்டுவதன் சிரமம் பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. இரு பக்கமும் ஒட்டிய சுவர், அங்கே ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் மேலேயிருந்து. அகலத்தில் பெரும்பங்கை மாடிப்படி விழுங்கிவிடும். முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருப்பது பல நேரம் ஃபேஷனுக்காக இல்லை, நடு அறைவரை பகல் எட்ட வேண்டும் என்பதற்காக. ஜப்பானின் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-இல் இதற்கு நேரெதிராகச் செய்தார். ஒட்டியிருந்த மூன்று மரவீடுகளில் நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு, சுமார் 3.3 மீட்டர் அகலத்தில் ஒரு கான்கிரீட் பெட்டி. தெருப் பக்கம் ஒரு வாசல், ஜன்னலே கிடையாது. வெளிச்சமெல்லாம் நடு முற்றத்தில். மழைக் காலத்தில் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குக் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும்! 1979-இல் அதற்கு ஜப்பான் கட்டடக்கலைக் கழகத்தின் பரிசு கிடைத்தது. நான் அதில் குடியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் தெருவில் அது எடுத்துக்கொள்வது ஒரு வீட்டின் இடம்தான்.

இதற்காக எல்லாப் புகாரையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. உயரம் பற்றிய புகார் நியாயமானது. நியூயார்க்கில் ஒல்லி மனைகளில் குச்சி குச்சியாகக் கோபுரங்கள் முளைத்ததும், 1983-இல் விதி கொண்டுவந்தார்கள். சில குடியிருப்பு வட்டாரங்களில் 45 அடிக்கும் குறைவான அகலமுள்ள கட்டடம் பொதுவாகத் தெருவின் அகலத்தைத் தாண்டி உயரக் கூடாது என்றது அந்த விதி. மக்கள் குரல் சரியான இடத்தில் விழுந்தால் இப்படி உருப்படியான விதி வரும்.

அப்புறம் அடுத்த வீட்டுக்காரர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது சுவர் விரிசல் விடுமோ என்று தூக்கம் கெடுவது அவர்களுக்குத்தான். பின்புற வெளிச்சம் போவதும் அவர்களுக்குத்தான். எதிர்ப்பக்கம் நின்று முகப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற நமக்கு முன்னால் அவர்கள் பேசட்டும். நமக்கு நிஜமாகவே தெருவின் மேல் அக்கறை என்றால், மனைகளை ஒன்றுசேர்க்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போகிற அன்றைக்கு இதே சத்தத்தைப் போடலாம்.